பேய்க் கடதாசி நடுவர்

ஜெகதீஸ்வரியைப் பொறுத்தவரை மனிதர்களில் இரண்டு வகைதான். வாசிக்கத் தெரிந்தவர்கள் ஒரு வகை, வாசித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் மறு வகை. முப்பத்தொரு வருஷம் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து அவர் ஓய்வுபெற்றபோது, முதல் வகையில் அவருக்குத் தெரிந்து ஐந்தாறு பேர் இருந்தார்கள். அவர்களில் மூன்று பேர் அதற்குள் செத்துப்போயிருந்தார்கள். மறு வகையில் சட்டத்தரணிகள், டாக்குத்தர்மார், கோயில் நிர்வாக சபைக்காரர், அவருடைய சொந்தத் தம்பிமார் இருவர் என்று எல்லோருக்கும் இடமிருந்தது.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், முதலாம் மாடியில், தனியாக இருந்தார். பக்கத்துக் கட்டடத்தில் கீழே மருந்துக்கடை. அதன் மேல்மாடியைச் சுகிர்தன் என்பவன் வாடகைக்கு எடுத்து விளையாட்டுக் கடை ஒன்று திறந்தான். அவனுடைய ஜன்னலும் இவருடைய படுக்கையறை ஜன்னலும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டிருந்தன. சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரத்தில்தான் அங்கே சண்டை தொடங்கும். காசுச் சண்டை, காணிச் சண்டை என்றால் அவர் பொறுத்திருப்பார். வளர்ந்த ஆம்பிளைகள் இரத்தக்காட்டேரிப் படம் போட்ட கடதாசிகளுக்காகச் சண்டை பிடித்தார்கள்.

அந்த விளையாட்டுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர் உண்டு. ஜெகதீஸ்வரி கடைசிவரை அதைத் தன் வாயால் சொன்னதில்லை. பேய்க் கடதாசி என்றுதான் சொல்வார். ஒவ்வொருவர் முன்னாலும் சில காட்டேரிகள் அட்டையாகக் கிடக்கும். ஒவ்வொன்றின் மேலும் அதன் இரத்தம், சிவப்பு மணிகளாக. ஒன்று மற்றொன்றை வேட்டையாடி மணியைப் பறிக்கும். மணி தீர்ந்த காட்டேரி சாம்பல். கடைசியில் யாருடைய காட்டேரி மிஞ்சுகிறதோ அவருக்கு வெற்றி. இவ்வளவுதான். ஆனால் ஒவ்வொரு அட்டையிலும் மூன்று நான்கு வரி ஆங்கில எழுத்து இருக்கும். சண்டை முழுவதும் அந்த வரிகளில்தான்.

ஒரு சனிக்கிழமை நாற்பது நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, சேலையைச் சரிசெய்துகொண்டு அந்த மாடிக்கு ஏறினார். இரண்டு பேர், இருவரும் பொறியியலாளர்கள், மேசையின் இரு பக்கமும் எழும்பி நின்று கத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வேட்டை அறிவித்திருக்கிறான். மற்றவன் இரண்டு மணியை எடுத்துக் கொடுத்துமிருக்கிறான். கொடுத்தபிறகு கையிலிருந்த அட்டையொன்றைப் போட்டு, வேட்டையைத் தடுத்துவிட்டேன், மணியைத் திருப்பித் தா என்று நிற்கிறான். ஜெகதீஸ்வரி அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசித்தார்.

"வேட்டை அறிவிக்கும்போது எண்டு இதிலை இருக்கு. பிறகு எண்டு இல்லை. மணியைக் குடுத்தாப்போலை அறிவிப்பு முடிஞ்சுது. அட்டையைத் திரும்பக் கையிலை எடும்."

அவன் அட்டையைக் கையில் எடுத்தான். பல்கலைக்கழகப் படிப்பை முடித்த இரண்டு பேருக்கு 'போது' என்பதற்கும் 'பிறகு' என்பதற்கும் வித்தியாசம் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்ததே என்று அவருக்கு அருவருப்பாக இருந்தது. அந்த அருவருப்போடு சேர்ந்து வேறொன்றும் இருந்ததை அவர் படி இறங்கும்போது கவனித்தார். ஓய்வுபெற்ற நாளிலிருந்து இவ்வளவு உற்சாகமாக அவர் இருந்ததில்லை.

அடுத்த கிழமை சுகிர்தன் விதிப்புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்து, "அன்ரி, சனிக்கிழமையிலை கொஞ்ச நேரம் வந்து இருங்கோவன்" என்று கேட்டான். எண்பத்திரண்டு பக்கம். மூன்று நாளில் இரண்டு தரம் வாசித்து முடித்தார். கடைக்கு வருகிறவர்களில், ஏழு வருஷமாக இதை விளையாடுகிறவர்கள் உட்பட, ஒருவர்கூட அதை ஒரு தரமாவது முழுதாக வாசித்திருக்கவில்லை என்பதை அவர் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்தார்.

அப்படித்தான் நடுவரானார். ஜன்னலோரம் கதிரை, கையில் பால் விடாத பிளேன்ரீ. சண்டை வந்தால் அட்டையை அவரிடம் கொண்டுவருவார்கள். தீர்ப்பை ஒரு வசனத்தில் சொல்லுவார், இரண்டாவது வசனத்தில் கேட்டவனின் மூளையைப் பற்றிச் சொல்லுவார். அவர்கள் முகம் சிவந்து போவார்கள். மறுபடி வருவார்கள். அவமானப்படுவதில் இவர்களுக்கு ஒரு ருசி இருக்கிறதென்று நினைத்துக்கொண்டார்.

எல்லோரிலும் அதிகமாக அவர் வெறுத்தது ராகுலனை. கல்கிசையில் வீடு, ஏதோ மென்பொருள் கம்பனியில் பெரிய உத்தியோகம். தன் அட்டைகளுக்குப் பொன்னிற உறை போட்டிருந்தான். ஒரு வசனத்தைத் தமிழில் தொடங்கினால் ஆங்கிலத்தில்தான் முடிப்பான். தோற்கப்போகிற நேரத்தில் மட்டும் விதிப்புத்தகத்தின் ஞாபகம் வரும்.

பிறகு யேசுரட்ணம் வரத் தொடங்கினார். கொட்டாஞ்சேனைக்காரர், நாற்பத்தைந்து வயது, துறைமுகத்தில் கப்பல்களைக் கரையோடு கட்டி நிறுத்தும் கயிற்று வேலை. கரையில் பழுதாகி நின்ற ஒரு கப்பலின் பிலிப்பைன்ஸ் மாலுமியிடம் இந்த விளையாட்டைப் பழகியதாக ஒருநாள் சொன்னார். அட்டையை வாசிக்கும்போது ஒவ்வொரு சொல்லின் கீழும் விரல் வைத்து, உதடு அசைய வாசிப்பார். அந்த நேரம் ராகுலனும் அவனுடைய ஆட்களும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள். ஜெகதீஸ்வரி சிரிக்கவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷமாக, சாட்சிக்கூட்டில் விரல் வைத்து வாசிக்கிறவர்களை அவர் எந்தக் கணக்கில் வைத்திருந்தாரோ, அதே கணக்கில்தான் இவரையும் வைத்தார்.

வருஷ முடிவில் போட்டி வைத்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு மண்டபம் எடுத்து, காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினார்கள். வெல்கிறவருக்குக் கோப்பை, அதோடு அவர் கோலாலம்பூரில் நடக்கும் போட்டிக்கு இலங்கையின் பெயரில் போகலாம். நாற்பது பேர் வந்தார்கள். அன்று பகல் முழுவதும் ஜெகதீஸ்வரி ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவர் ஓர் அட்டை போட, எதிராளி அதற்குப் பதிலாக ஓர் அட்டை போட்டால், கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். பன்னிரண்டு தரம் சொன்னார். பதின்மூன்றாம் தரம் கேட்டவனிடம், உம்முடைய தாயார் உம்மைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினவவோ என்று கேட்டார்.

நாலு மணிக்கு இறுதி ஆட்டம். ராகுலனும் யேசுரட்ணமும்.

ராகுலனின் முறை நடந்துகொண்டிருந்தது. இருவர் முன்னாலும் ஒவ்வொரு காட்டேரி, ஒவ்வொன்றிலும் ஒரேயொரு மணி. ராகுலன் 'விடியல்' என்ற அட்டையைப் போட்டான். விடிந்தால் வெளியே நிற்கிற எல்லாக் காட்டேரியும் ஒவ்வொரு மணியை இழக்கும். இரண்டும் ஒரே கணத்தில் சாம்பலாயின. ஆனால் இரண்டுக்கும் சாகிற நேரத்தில் செய்துவிட்டுப் போக ஒவ்வொரு வேலை இருந்தது. ராகுலனுடைய காட்டேரி, எதிரே நிற்கிற ஒன்றைத் தன்னோடு இழுத்துக்கொண்டு போகும். யேசுரட்ணத்தினுடையது, முன்பு சாம்பலான ஒன்றை எழுப்பிவிட்டுப் போகும். எது முதலில்?

ராகுலனுடையது முதலில் என்றால், இழுத்துக்கொண்டு போக எதிரே எதுவும் இல்லை. அது வீண். பிறகு யேசுரட்ணத்தினுடையது எழும்பும், வெற்றி அவருக்கு. மாறாக, யேசுரட்ணத்தினுடையது முதலில் என்றால், எழும்பினது எழும்பின கையோடு இழுபட்டுப் போகும். மேசை வெறுமையாகும். அப்படியானால் அதுவரை கூடுதல் மணி பறித்த ராகுலனுக்கு வெற்றி.

மண்டபம் முழுவதும் அந்த மேசையைச் சுற்றி நின்றது. யேசுரட்ணம் தன் அட்டையை ஜெகதீஸ்வரியின் பக்கம் திருப்பி, அடியில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரியில் விரலை வைத்தார். கயிறு தின்ற தடித்த விரல். நகக்கண்ணில் கறுப்பாக எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு இடத்துக்கு வருகிறவர் ஒரு சவர்க்காரக் கட்டியைத் தேடி எடுத்திருக்கலாம் என்று ஜெகதீஸ்வரிக்குத் தோன்றியது. பகல் முழுவதும் சொன்ன விதி நாக்கிலேயே இருந்தது.

"கடைசியா வந்தது முதல் நடக்கும். முறை ராகுலன்ரை, ஆனபடியால் யேசுரட்ணத்தின்ரை பதிலா வந்தது. அது முதல், ராகுலன்ரை பிறகு. ராகுலன் வெற்றி."

ராகுலன் இரண்டு கையையும் உயர்த்தினான். யேசுரட்ணம் விரலை எடுத்தார். அட்டைகளை அடுக்கி, ஒரு பழைய பிஸ்கட் தகரத்தில் போட்டு மூடினார். எல்லோருக்கும் தலையாட்டிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

மறுநாள் காலை, சுகிர்தன் கேட்டிருந்தபடி, முந்தின நாள் தீர்ப்புகளை எல்லாம் ஒரு பட்டியலாக எழுத உட்கார்ந்தார். பழைய பழக்கத்தில் ஒவ்வொரு அட்டையின் வாசகத்தையும் சுகிர்தன் தந்த பிரதியைப் பார்த்து முழுதாக எழுதினார். கடைசித் தீர்ப்புக்கு வந்து, யேசுரட்ணத்தின் அட்டையை எழுதிக்கொண்டுபோனவர் அடிவரியில் பேனையை நிறுத்தினார். 'இது பதில் அல்ல' என்று ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொல். விதிப்புத்தகத்தின் ஐம்பத்தேழாம் பக்கம் அவருக்குப் பாராமல் பாடம். பதில் அட்டைகளில் கடைசி முதலில். ஆனால் ஒரே நேரத்தில் நிகழ்பவை பதில்கள் ஆகா. அவற்றில் யாருடைய முறை நடக்கிறதோ அவருடையது முதலில். ராகுலனின் முறை. ராகுலனுடையது முதலில், வீண். வென்றது யேசுரட்ணம்.

முதல் கால் மணி நேரம் அவர் ஒரு சாதாரணச் சட்டத்தரணியைப் போல நடந்துகொண்டார். வாசகம் தெளிவில்லை, எழுத்து பொடி, பகல் முழுக்கக் களைப்பு, அந்த ஆள் வாயைத் திறந்து எதிர்க்கவில்லை. இந்தச் சாட்டுகள் ஒவ்வொன்றையும் மற்றவர்கள் சொல்லக் கேட்டு எத்தனை தரம் காறித் துப்பாத குறையாக மொழிபெயர்த்திருப்பார். தன் வாயிலும் அதே ருசி என்றபோது பேனையை மூடி வைத்தார்.

சுகிர்தனுக்குத் தொலைபேசியில் சொன்னார். அவன், படமெல்லாம் முகநூலில் போட்டாயிற்று, மலேசியாவுக்குப் பெயரும் அனுப்பியாயிற்று என்றான். "ஆரும் கவனிக்கேல்லை அன்ரி. விடுங்கோ." கடை நடத்துகிறவனிடம் இதைவிட வேறென்ன எதிர்பார்க்கலாம் என்று தொலைபேசியை வைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் புறக்கோட்டையில் பஸ் மாறி, கொட்டாஞ்சேனையில் இறங்கினார். புனித லூசியாள் கோயிலுக்குப் பின்னால், சிறு வீடுகள் ஒட்டி ஒட்டி நின்ற ஒரு தோட்டத்தில், பொதுக் குழாயடிக்கு இரண்டு கதவு தள்ளி யேசுரட்ணத்தின் வீடு. முன்னறையில் அவரும் துறைமுகக் கூட்டாளிகள் இருவரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். யேசுரட்ணம் எழும்பிக் கதிரையைத் துடைத்துப் போட்டார். மனைவி நேசம் தேத்தண்ணி ஊற்றப் போனா.

ஜெகதீஸ்வரி நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். தீர்ப்புப் பிழை, வெற்றி உங்களுடையது என்றார். மன்னிப்பு என்ற சொல்லுக்கு வாய் பழகியிருக்கவில்லை. அது வராமலே வசனம் முடிந்தது.

"எனக்கு அப்பவே தெரியும் மிஸ்" என்றார் யேசுரட்ணம்.

"தெரிஞ்சால் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னேன் தானே. விரல் வச்சுக் காட்டினேன். நீங்க விரலப் பாத்தீங்க."

கோபமே இல்லாமல் சொன்னார். கூட்டாளிகள் தங்கள் அட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த முகங்களில் இருந்தது ஜெகதீஸ்வரிக்கு உடனே விளங்கியது. தானே ஆயுள் முழுவதும் மற்றவர்களுக்குக் கொடுத்துவந்த இளக்காரம் அது. இந்தப் பெண்ணிடம் வாதாடி என்ன பயன் என்று இவர்கள் முன்னமே முடிவுகட்டியிருக்கிறார்கள். ஞாயிறன்று அந்த மனிதர் பேசாமல் தகரத்தை மூடியது பயத்தால் அல்ல.

அப்போதுதான் மேசையைப் பார்த்தார். ஒவ்வொரு அட்டையின் உறைக்குள்ளும் ஒரு துண்டுக் கடதாசி, அதில் தமிழ். எழுத்து நேசத்தினது, தமிழ் தன்னுடையது என்றார் யேசுரட்ணம். கூட்டாளிகளுக்கு ஆங்கிலம் வராதாம். விதிகளையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருந்தார்கள். ஜெகதீஸ்வரி அதை எடுத்துப் புரட்டினார். ஐம்பத்தேழாம் பக்கத்து விதி ஒரு வரியில் இருந்தது. 'ஒண்ணா விழுந்தா முறைக்காரன் முந்தி.' நீதிமன்றத்தில் அவர் இதையே 'ஏககாலத்தில் நிகழுமிடத்து' என்று தொடங்கி ஐந்து வரிக்கு இழுத்திருப்பார். அதில் ஒரு பிழை கண்டுபிடிக்கலாமா என்று பார்த்தார். கிடைக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை விளையாட்டுக் கடையில், எல்லோரையும் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி, எழுதிக்கொண்டு வந்ததை வாசித்தார். தீர்ப்புப் பிழையானது, பிழை நடுவருடையது, அட்டையை அவர் முழுதாக வாசிக்கவில்லை, யேசுரட்ணமே வென்றார். ராகுலன் எழும்பி, விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைத் திறந்து காட்டினான். மேசையில் நடுவர் சொன்ன தீர்ப்பே முடிவானது, பிறகு மாற்ற முடியாது.

"சொறி அன்ரி. ரூல் எண்டால் ரூல்தானே."

அவன் சொன்னது சரி. ஏழு வருஷத்தில் ஒரேயொரு விதியை முழுதாக வாசித்திருக்கிறான், அதுவும் இதை. ஜெகதீஸ்வரி அவனை மேலும் கீழும் பார்த்தார்.

"ஓம், சட்டப்படி கோப்பை உமக்குத்தான். வைச்சிரும். ஆனால் வெண்டனான் எண்டு மட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

வாசித்த தாளைக் கடைக் கதவில் ஒட்டிவிட்டு, விதிப்புத்தகத்தைச் சுகிர்தனிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அடுத்த சனிக்கிழமை தாள் இல்லை. கிழித்தது யாரென்று அவர் கேட்கவில்லை. ராகுலன் கோலாலம்பூர் போனான். என்ன நடந்ததென்று விசாரிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை. யேசுரட்ணம் வெள்ளவத்தைப் பக்கம் திரும்ப வரவேயில்லை. அங்கே வந்துபோன நேரத்தில் தன் கூட்டாளிகள் இருவரையும் இன்னும் நன்றாகப் பழக்கியிருக்கலாம் என்று மட்டும் சொன்னாராம்.

அதைச் சொன்னவ நேசம். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஜெகதீஸ்வரி கொட்டாஞ்சேனைக்குப் போகிறார், பூசை முடிந்து அவர்கள் வந்த பிறகு. நடுவராக அல்ல, அதற்கு அங்கே யாரும் அவரைக் கேட்கவுமில்லை. விளையாடப் போகிறார். எண்பத்திரண்டு பக்கமும் பாடமாக இருந்தும் மிக மோசமாக விளையாடுகிறார். அவருடைய காட்டேரிகள் பத்து நிமிஷத்துக்குமேல் தாக்குப்பிடிப்பதில்லை. கூட்டாளிகள் இருவரும் முதலில் மரியாதைக்காக விட்டுக்கொடுத்தார்கள். அவர் அதற்காக அவர்களைக் கடுமையாகப் பேசிய பிறகு, இப்போது ஒருவர் மாறி ஒருவர் தோற்கடிக்கிறார்கள், அதுவும் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு.