சீட்டுக்கடியில் ஒரு கம்ப்ரசர்

ஜீப்புக்குள் கம்ப்ரசர் பொருத்துவது காற்றை அடைக்கும் தொழில் என்று நினைத்துத்தான் நான் இதில் இறங்கினேன். பாதி நாள் அடைத்த காற்று எங்கே போனது என்று தேடும் தொழில் இது என்பது பிறகுதான் தெரிந்தது.

தேயிலை மலைகளுக்கு நடுவே, நானுஓயாவில் எனக்கு ஒரு கராஜ் இருக்கிறது. ஜீப்புக்குள் எதற்குக் கம்ப்ரசர் என்று கேட்பவர்கள், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு ஜீப்பில் ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும். கல்லும் சேறுமான பாதை. டயரில் முழுக் காற்று இருந்தால் வண்டி துள்ளும், கூரான கல் டயரைக் கிழிக்கும். காற்றைப் பாதியாகக் குறைத்தால் டயர் தரையோடு அமர்ந்து பிடித்துக்கொள்ளும். ஆனால் அதே டயரோடு தார் ரோட்டில் ஓடினால் சூடேறி வெடிக்கும். ஆகவே மலையில் காற்றை இறக்க வேண்டும், ரோட்டில் ஏற்ற வேண்டும். ஏற்றுவதற்கு பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன மோட்டார், காற்றைச் சேர்த்துவைக்க ஒரு தொட்டி, ஒரு குழாய், ஒரு சுவிட்ச். ஒன்றரை நாள் வேலை.

வேலை சுலபம்தான். அதைச் செய்விக்க வருகிறவர்களைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். நீங்கள் தையல் மெசின் வைத்திருந்தாலும் சரி, பல் பிடுங்குகிறவராக இருந்தாலும் சரி, என் களைப்பு உங்களுக்குப் புரியும்.

ஹார்ன்

ஹட்டனில் வாகன உதிரிப்பாகக் கடை வைத்திருக்கும் நவ்ஃபர் நானாதான் என் முதல் வாடிக்கையாளர். அவருடைய டபள் கெப் வண்டி, வாங்கிய நாளிலிருந்து தார் ரோட்டை விட்டு இறங்கியதில்லை. அதற்குக் கம்ப்ரசர் கேட்டார். டயர், மலை, காற்றழுத்தம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். வெள்ளிக்கிழமைப் பிரசங்கம் கேட்பதுபோல் தலையைக் குனிந்து பொறுமையாகக் கேட்டார். நான் முடித்ததும் மேசைக்கடியிலிருந்து மூன்று ஊதுகுழல் உள்ள ஒரு ஹார்னை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“காத்து டயருக்குப் போனா யாருக்கு பாஸ் தெரியும்? இதுக்குப் போனா ஹட்டனுக்கே தெரியும்.”

ஓட்டை

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவான மேற்கணக்கிலிருந்து ஒரு ஜீப் வந்தது. ஓட்டி வந்தவர் ராஜேஸ்வரி. இடது சீட்டில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு அவருடைய கணவர் சந்தனம். இருபது வருடம் அந்த ஜீப்பை வாடகை ஹயருக்கு ஓட்டியவர் சந்தனம்தான். மேற்கணக்கில் யாருக்கு வலி எடுத்தாலும், யாருக்குக் காய்ச்சல் கண்டாலும், ஆஸ்பத்திரிக்கு இந்த ஜீப்தான். இப்போது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவர் அவரே. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் நுவரெலியாவில் மெசினில் படுத்து இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். காலை ஏழரைக்கு ஆள் இல்லையென்றால் மெசின் வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. அடுத்தவருக்கும் அதே நோய்.

ராஜேஸ்வரி விடியுமுன் மலையிறங்கி, தார் ரோட்டில் நிறுத்தி, நாலு டயருக்கும் கால் பம்பால் காற்றடிப்பார். சந்தனம் சீட்டில் உட்கார்ந்தபடி எண்ணிக்கை சொல்வார். இதற்கு முக்கால் மணி நேரம். ஒரு தடவை மெசின் தவறினால் என்ன ஆகும் என்று கேட்டேன். “முகம் வீங்கிரும். படுத்தா மூச்சு நிக்கும்ணே” என்றார் ராஜேஸ்வரி, வெங்காய விலை சொல்லும் குரலில்.

கம்ப்ரசரை எங்கே வைப்பது என்பதில்தான் தகராறு. தரையில் நாலு ஓட்டை போட வேண்டும் என்றேன். அந்தத் தரை தன் கையால் வெல்டிங் செய்தது, அதில் துளைக்கருவி படக்கூடாது என்றார் சந்தனம். ஒரு மணி நேரம் பேசினோம். கடைசியில் இடது சீட்டுக்கடியில், ஸ்பேனர் வைக்கும் பழைய ஆயுதப்பெட்டி இருந்த இடத்தில் நாலு ஓட்டை ஏற்கனவே இருப்பதைக் கண்டுபிடித்தேன். மோட்டார், தொட்டி இரண்டும் அங்கேயே அடங்கின. ராஜேஸ்வரி என் பக்கம் திரும்பினார்.

“மெசினுக்குக் குழாய் செருக டாக்டர் கழுத்துல ஓட்டை போட்டப்ப இந்த மனுசன் வாயத் தொறக்கலண்ணே. ஜீப்புல போட மட்டும் விடமாட்டேங்குறாரு.”

பதினொரு விதிகள்

எழுதிக் கொடுக்காமல் ஒரு பொருளை ஒப்படைப்பது எனக்குப் பிடிக்காது. நம் மலைக்காற்றில் பாதி மூடுபனி. அதை அமுக்கித் தொட்டியில் அடைத்தால் தண்ணீர் பிரிந்து அடியில் தேங்கும், தொட்டி துருப்பிடிக்கும். அந்த நீரைத் திறந்துவிடவே தொட்டியின் அடியில் ஒரு சின்ன டேப் உண்டு. இதையெல்லாம் பதினொரு விதிகளாக எழுதி, பிளாஸ்டிக் உறை போட்டு, ஜீப்பில் சந்தனத்தின் கண்ணுக்கு நேராகத் தொங்கவிட்டேன். ஏழாவது விதி இது: ‘தொட்டியின் அடியிலுள்ள டேப்பை அடிக்கடி திறந்து, தேங்கிய நீரை வெளியேற்றுதல் நன்று.’

என் விதிகளை இதுவரை எந்த வாடிக்கையாளரும் வாசித்ததில்லை. சந்தனம் சத்தமாக இரண்டு தரம் வாசித்தார். எனக்கு மனம் நிறைந்துபோயிற்று. ஆசிரியராகியிருக்கலாமோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

“ஆஸ்பத்திரியில குடுத்த பேப்பருல இவ்வளவு இல்ல பாஸ். தண்ணி குடிக்காதன்னு ஒண்ணுதான். உங்க மெசினுக்கும் தண்ணி தேங்குற என் வருத்தம்தான் போல.”

மலையின் குற்றம்

மூன்று வாரம் ஒரு குறையும் இல்லை. நாலு டயருக்கும் பத்து நிமிடம். நாலாவது வாரம் ராஜேஸ்வரி ஜீப்பை கராஜ் வாசலில் நிறுத்தினார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது கம்ப்ரசர் தானாக ஓடுகிறதாம். கொஞ்ச நேரம் நிற்கிறது, திரும்ப ஓடுகிறது.

காலையில் போட்ட சுவிட்சை அவர்கள் வீடு போய்த்தான் அணைப்பார்கள். அதுவரை தொட்டி நிறைந்தால் மோட்டார் தானே நின்றுவிடும், குறைந்தால் தானே தொடங்கும். தானாக ஓடுகிறது என்றால் எங்கோ காற்று ஒழுகுகிறது. எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவினேன். ஒரு குமிழி வரவில்லை. ஜீப்பை ஒருநாள் கராஜில் வைத்துக்கொண்டேன். மறுநாள் பார்த்தால் அழுத்தமானியின் முள் அசையவே இல்லை. ஆனாலும் குழாயை மாற்றினேன், வால்வை மாற்றினேன். அடுத்த வாரமும் அதே புகார்.

கைவேலை தோற்றுப்போனால் நான் விளக்கவுரைக்குப் போய்விடுவேன். உயரம் கூடக் கூடக் காற்று மெலியும், குளிரில் உலோகம் சுருங்கும், சுருங்கினால் மூட்டில் மயிரிழை இடைவெளி விழும் என்று சுவரில் படம் வரைந்தே காட்டினேன். சந்தனம் மிகுந்த மரியாதையோடு தலையாட்டினார். “ஆமாங்க பாஸ், மலைக்காத்து பொல்லாதது” என்று எடுத்தும் கொடுத்தார். ராஜேஸ்வரி மட்டும் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஏண்ணே, போறப்ப இருக்கிற மலைதானே வர்றப்பவும் இருக்கு?”

மூன்றாவது வால்வு

அந்தக் கேள்விக்குப் பதிலாக இன்னொரு வால்வு வாங்க ஹட்டனுக்குப் போனேன். நவ்ஃபர் நானா அதை உடனே எடுத்துத் தரவில்லை. கையில் வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஒரே ஜீப்புக்கு மூணாவது வால்வு. ரிப்பேர் செய்றீங்களா பாஸ், இல்லாட்டி சேத்து வெக்கிறீங்களா?”

செவ்வாய்க்கிழமை

மூன்றாவது வால்வும் போட்டாயிற்று. அதற்கு அடுத்த செவ்வாய், தார் ரோட்டில் ராஜேஸ்வரி சுவிட்சைப் போட்டபோது மோட்டார் ஓடவில்லை. கருகிப்போயிருந்தது. மழை. கால் பம்ப் வண்டியில் இல்லை. மரக்கறி லொறிக்காரர் ஒருவரை மறித்து, பம்ப் இரவல் வாங்கி, நாலு டயருக்கும் அடித்து முடித்து நுவரெலியா போய்ச் சேர்ந்தபோது மணி எட்டேகால். மெசினில் வேறு ஒருவர் படுத்திருந்தார். அடுத்த இடம் மறுநாள்தான் கிடைத்தது. அதுவரை சந்தனத்தால் படுக்க முடியவில்லை. ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்த நிலையிலேயே, மனைவியின் தோளில் சாய்ந்து, மூச்சை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

புதன்கிழமை பின்னேரம் இருவரும் கராஜுக்கு வந்தார்கள். திட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சந்தனத்தின் முகம் இன்னும் ஊதித்தான் இருந்தது. ஜீப்பிலிருந்து இறங்கவில்லை. ராஜேஸ்வரி என் மேசைப் பக்கம் வந்து, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

“உங்கள நம்பித்தாண்ணே கால் பம்ப பக்கத்து லயத்துக்குக் குடுத்துட்டேன்.”

பின்சீட்டு

புதிய மோட்டார் போட்டேன். என்னுடைய கால் பம்பையும் ஜீப்பில் வைத்தேன். அந்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நுவரெலியா போய், ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்து, அவர்களோடு ஜீப்பின் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன்.

சந்தனத்தின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. மெசினிலிருந்து எழுந்து வருகிறவர்களுக்கு அப்படிக் குளிருமாம். ஜீப்புக்குக் கதவு என்று இருப்பது கென்வஸ் துணி. காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போகிறது. என் கராஜைத் தாண்டி, லிந்துலைக்கு முன்னால் மூடுபனி இறங்கியது. ராஜேஸ்வரி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிவைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். அப்போது சந்தனத்தின் இடது கை மெதுவாகச் சீட்டுக்கடியில் இருந்த டேப்புக்குப் போயிற்று. புஸ்ஸென்று ஒரு சத்தம். தொட்டியிலிருந்த காற்று வெளியேற, கம்ப்ரசர் கடகடவென்று ஓடத் தொடங்கியது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, சூடேறும் மோட்டாரின் இரண்டு பக்கமும் பாதங்களை அணைத்துவைத்துக்கொண்டார். இறுகியிருந்த முகம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. தொட்டி நிறைந்து மோட்டார் நின்றது. கை மறுபடியும் கீழே போயிற்று.

திரும்பும் வழியில் யாருக்குமே காற்று தேவையில்லை. மலையேறும்போது டயரில் காற்றை இறக்கத்தான் வேண்டும். இந்த ஒரு வரியை யோசிக்காமல் மூன்றாவது வால்வுவரை போயிருக்கிறேன், சுவரில் படம் வரைந்திருக்கிறேன்.

கம்ப்ரசர் சத்தத்தில் வண்டி ஓட்டுகிற ராஜேஸ்வரிக்குக் கேட்காது. குனிந்து சந்தனத்தின் காதருகில், “என்ன சந்தனம் இது?” என்றேன். திடுக்கிட்டுத் திரும்பியவர், கண்ணுக்கு நேரே தொங்கிய ஏழாவது விதியில் விரலை வைத்தார். “அடிக்கடின்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க.”

“தண்ணி வந்துச்சா?”

“முத தடவ வந்துச்சு. பொறவு சூடுதான் வந்துச்சு.”

நிற்காமல் ஓடினால் மோட்டார் கருகும், செவ்வாய்க்கிழமை கருகியது இதனால்தான் என்றேன். அவர் பாதங்களை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எப்படித் தெரியும்? பதினொரு விதிகளில் அதை நான் எழுதவே இல்லை. குளிர்கிறது என்று ராஜேஸ்வரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவர் மனைவியின் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்.

“சொன்னா, போட்டிருக்கிற ஒரே சுவட்டரயும் கழட்டி எனக்குக் குடுத்துருவா பாஸ். அப்புறம் கை வெறச்சுப் போயி வண்டிய யாரு ஓட்டுறது?”

சுண்ணக்கட்டி

மறுநாளே நவ்ஃபர் நானாவிடம் போனேன். உடைத்துப் பிரித்த வேன் ஒன்றின் ஹீட்டர் அவருடைய கடையின் பின்பக்கம் கிடந்தது. என்ஜினில் ஓடும் வெந்நீரைக் குழாய் வழியாக ஒரு தகரப்பெட்டிக்குள் கொண்டுவந்து, சின்ன விசிறியால் சூட்டை வெளியே தள்ளும் சாமான். நானா வழக்கம்போல் ஏதோ கிண்டல் செய்ய வாயெடுத்தார். எதற்கென்று சொன்னேன். பெட்டியைத் தன் கைக்குட்டையாலேயே துடைத்துத் தந்தார்.

வெந்நீர்க் குழாய்களுக்கு ஜீப்பின் தரையில் இரண்டு ஓட்டை போட வேண்டும். எப்படிக் கேட்பது என்று தயங்கிக்கொண்டிருந்தேன். சந்தனம் என் மேசையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுத்து, தன் கையால் வெல்டிங் செய்த தரையில் தானே இரண்டு வட்டம் போட்டார். ராஜேஸ்வரி அந்த வட்டங்களைப் பார்த்தார், கணவரின் வெறுங்காலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு துளைக்கருவியை எடுத்து என் கையில் கொடுத்தார். ஏழாவது விதியை ‘ஞாயிறு மட்டும்’ என்று திருத்தி மாட்டினேன்.

அடுத்த செவ்வாய் ஏழு மணிக்கே ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறார்கள். திரும்பும்போது கராஜ் வாசலில் நிறுத்தினார்கள். கம்ப்ரசர் சத்தம் இல்லை. இடது சீட்டில் சந்தனம் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார், பாதம் இரண்டும் தகரப்பெட்டியின் முன்னால். ராஜேஸ்வரி சுவட்டர் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். மருந்தை நேரத்துக்குச் சாப்பிடாதது, சொல்பேச்சுக் கேட்காதது, குளிர்ந்தால் குளிர்கிறது என்று வாயைத் திறந்து சொல்லாதது என்று ஒவ்வொன்றாக அவர் எடுத்துவைத்துக்கொண்டிருந்தது வாசல்வரை கேட்டது. சூடு எப்படி என்று நான் சந்தனத்தைக் கேட்டேன். அவர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

“சூடு நல்லாத்தான் இருக்கு பாஸ். ஆனா அந்த மெசினு ஓடுறப்ப, இவ திட்டுறது எனக்குக் கேக்காம இருந்துச்சு.”

சோப்புத் தண்ணீரைக் கரைப்பதற்கு முன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் ஆளிடம் ஒரு கேள்வி கேட்பது நல்லது என்று இப்போது எனக்குத் தெரியும், அதைப் பன்னிரண்டாவது விதியாக எழுதி என் கராஜுக்குள்ளேயே மாட்டியும் வைத்திருக்கிறேன், நானும் அதை வாசிப்பதில்லை.