முத்திரை வாங்கப் போன ஞாயிறுகள்

என் வாழ்க்கையில் நான் பக்தையாக இருந்தது ஒரே ஒரு குளிர்காலம்தான். அதற்கும் காரணம் கடவுள் அல்ல, யூகோ என்ற ஜப்பானியச் சிறுமி.

எண்பதுகளின் கடைசி. அப்பாவும் நானும் ஆங்கிலேயரின் தலைநகரில், மோர்டன் பக்கம் ஒரு வீட்டின் மாடியறையில் இருந்தோம். அம்மாவும் தம்பியும் கொழும்பில். ஆள் அனுப்பும் ஏஜென்டுக்குக் கொடுக்க இருந்த காசு இரண்டு பேருக்குத்தான் காணும் என்பதால் குடும்பத்தைச் சரிபாதியாகப் பிரித்திருந்தார்கள். அப்பாவின் அகதி வழக்கு வென்றால் மிச்சப் பாதி வந்து சேரும். வழக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அது குரோய்டனில் குடிவரவு அலுவலகம் என்ற ஓர் உயரமான கட்டடத்துக்குள் இருக்கிறது என்பதும், அந்த ஊரின் பெயரைச் சொல்லும்போது பெரியவர்கள் குரலைத் தாழ்த்துவார்கள் என்பதும்தான். கடவுளின் பெயரைச் சொல்லும்போதுகூட அவர்கள் அவ்வளவு தாழ்த்தியதில்லை.

அப்பாவுக்குப் பகலில் ஒரு கிடங்கில் வேலை, பின்னேரத்தில் பெற்றோல் நிலையத்தில். பள்ளியிலிருந்து வந்து, கதவைப் பூட்டிக்கொண்டு, யார் மணியடித்தாலும் திறக்காமல் இருப்பது என் வேலை. யாரும் மணியடிக்கவில்லை. ஆகவே அந்த வேலையில் என்மீது ஒரு குறையும் வந்ததில்லை.

பள்ளியில் ஆங்கிலம் தெரியாதவர்களுக்கென்று சன்னலோரம் ஒரு மேசை. அதில் யூகோவும் நானும் மட்டும். எங்கள் இருவருக்கும் பொதுவாக இருந்தது, இருவருக்கும் தெரியாத ஒரு மொழி. நட்புக்கு அது போதுமாக இருந்தது. பின்னாளில் என் மொழியைச் சரளமாகப் பேசிய பலரோடு எனக்கு அவ்வளவு ஒத்துப்போகவில்லை.

ஒருநாள் அவள் பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். பட்டுத்துணி அட்டை. உள்ளே ஒரே நீளத் தாள், விசிறிபோல் மடிக்கப்பட்டது. ஒவ்வொரு மடிப்பிலும் கறுப்பு மையில் தூரிகை எழுத்து, அதன்மேல் சிவப்பு முத்திரை. யூகோ கைகூப்பிக் காட்டினாள். தலையைக் குனிந்தாள். பிறகு முத்திரையைத் தொட்டாள். கோயிலுக்குப் போய்க் கும்பிட்டால் அங்கே இப்படி ஒன்று போட்டுத் தருவார்கள் என்று விளங்கியது. அதன் பெயர் கோஷுயின் என்பதை நாற்பது வயதுக்குப் பிறகு ஒரு நூலில் வாசித்துத் தெரிந்துகொண்டேன். அன்று தெரிந்தது, அவளிடம் இருப்பது என்னிடம் இல்லை என்பது மட்டும்.

எங்களுக்கும் கோயில்கள் இருந்தனவே! கடவுள்களின் எண்ணிக்கையில் யூகோவை நான் சுலபமாக வென்றுவிடலாம். வேண்டியது ஒரு புத்தகம். வரைதல் தாள்களை ஒட்டி மடித்தேன். அட்டைக்குக் கோர்ன்பிளேக்ஸ் பெட்டி. அதில் ஒரு சேவல் இருந்தது. முருகனின் கொடியில் இருப்பதும் சேவல்தானே என்று அதை வெளிப்பக்கமாகவே விட்டுவிட்டேன்.

எங்கள் பக்கத்துக் கோயில் அப்போது ஒரு வாடகை மண்டபத்தில் ஞாயிறுகளில் மட்டும் நடந்தது. மற்ற நாள்களில் அங்கே ஜூடோ வகுப்பு. அடுக்கிவைத்த பாய்களுக்குப் பக்கத்தில் பிள்ளையார் இருப்பார். அர்ச்சனைச் சீட்டு எழுதும் மேசையில் செயலாளர். அவர் முன்னால் மைப்பெட்டியும் சீலும்.

"அங்கிள், இதிலை ஒரு சீல் குத்தித் தாங்கோ."

அவர் சேவலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்பாவோ அனுப்பினவர்?"

"இல்லை, நான்தான்."

"கேசுக்கோ?"

எனக்கு விளங்கவில்லை. விளங்காதபோது "ஓம்" என்று ஒத்துக்கொள்வது என் வழக்கம். சொன்னேன்.

அந்தக் காலத்தில் எங்கள் சனத்துக்குச் சீல் என்றால் குரோய்டன்தான். இவர் எங்கள் ஆள், ஒழுங்காகக் கோயிலுக்கு வருகிறவர் என்று ஒரு கடிதம் எழுதுவித்து, அதன் கீழே சீல் வாங்கிக் கொண்டுபோய் வழக்கோடு சேர்ப்பார்கள். பிரசாதத்துக்கு நின்ற வரிசையைவிட அந்தக் கடிதத்துக்கு நின்ற வரிசை நீளமானது. ஒரு பிள்ளை வெறும் ஆசைக்குச் சீல் கேட்கும் என்று செயலாளருக்கு எப்படித் தோன்றும்?

புத்தகத்தோடு நேரே, பிள்ளையார் முன்னால் நின்ற அப்பாவிடம் போனார். "தம்பி, கடிதம் வேணுமெண்டால் நேரை வந்து கேளும். குழந்தைப்பிள்ளையை விட்டு வெறும் பேப்பரிலை சீல் எடுக்கிற வேலை வேண்டாம். கோமிற்றி கூடாமல் எங்கடை சீல் வெளியிலை போகாது."

"ஐயோ அண்ணை, எனக்கு ஒண்டும் தெரியாது" என்றார் அப்பா. சுற்றி நின்றவர்கள் அதை நம்பாமல் தலையாட்டினார்கள்.

பஸ் தரிப்பில் நான் அழுதழுது யூகோவின் புத்தகத்தைப் பற்றிச் சொன்னேன். அப்பா என் புத்தகத்தை விரித்தார், மடித்தார், திரும்பவும் விரித்தார்.

"ஒவ்வொரு கோயிலிலையும் வாங்கிறதோ? திகதியும் போட்டோ?"

"ஓம்."

"அப்ப இது கேசுக்கு உதவும் பிள்ளை. நாங்கள் எங்கையெங்கை போய்க் கும்பிட்டமெண்டு அத்தாட்சியா இருக்கும். வாற ஞாயிறு வெளிக்கிடுவம்."

வாரத்தின் நித்திரை முழுவதையும் ஞாயிறுகளில் கொண்டு தீர்க்கிற அப்பா, அடுத்த ஞாயிறு விடிய எழும்பிப் பாண் துண்டுகளுக்குள் தேங்காய்ச் சம்பல் வைத்து ஈயத்தாளில் சுற்றினார். அதற்கடுத்த ஞாயிறும். வடக்கே ஒரு ஏற்றத்தில் இருந்த கோயிலுக்குப் போனோம். கிழக்கே மனோர் பார்க் பக்கம் போனோம். எங்கேயும் நாங்கள் கேட்டது ஒருவருக்கும் விளங்கவில்லை. ஓரிடத்தில் 'நன்றியுடன் பெற்றுக்கொண்டோம்' என்ற ரசீதுச் சீலைக் குத்தினார்கள். எதைப் பெற்றுக்கொண்டார்கள் என்று இன்றுவரை தெரியாது. இன்னோரிடத்தில் முந்தின மடிப்பில் இருந்த வேறொரு கோயிலின் சீலைக் கண்டதும், "அவையின்ரைக்குப் பக்கத்திலையோ எங்கடையைக் குத்தச் சொல்லுறியள்?" என்று மறுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றாக இருந்து, ஒரு திருவிழாச் சண்டையில் பிரிந்த கோயில்களாம். ஜப்பானிலும் சில கோயில்கள் இப்படி முறுக்கிக்கொள்ளும் என்று அந்த நூலில் வாசித்து ஆறுதலடைந்தேன். சீலே இல்லாத ஒரு கோயிலில் ஐயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பெருவிரலைச் சந்தனத்தில் தோய்த்து அழுத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். யூகோவின் பக்கங்களுக்குக் கிட்ட வந்தது அது ஒன்றுதான்.

ரயிலில் அப்பா கதைத்துக்கொண்டே வருவார். மற்ற நாள்களில் "சாப்பிட்டியோ", "கதவு பூட்டினியோ" என்பதற்குமேல் எங்களுக்குள் பேச்சு இருந்ததில்லை. ரயிலிலோ, அம்மாவைப் பெண்பார்க்கப் போன அன்று சைக்கிளோடு வாய்க்காலுக்குள் விழுந்த கதை, நனைந்த வேட்டியோடு அம்மாவின் முன்னால் தேத்தண்ணி குடித்த கதை எல்லாம் வரும். சிரித்துச் சிரித்துச் சொல்வார். நான் சீல் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். கடைசி மடிப்பும் நிறைந்த பிறகுதான் யூகோவுக்குக் காட்டுவது என்று வைத்திருந்தேன். பாதிப் புத்தகத்தோடு போய் நிற்பது நாட்டுக்கே அவமானம் அல்லவா?

பங்குனி பிறந்தபோது கடைசி மடிப்பும் நிறைந்தது. ஆனால் நான் அதைப் பள்ளிக்குக் கொண்டுபோகுமுன் அப்பா கோப்போடு சேர்த்து, எங்கள் வழக்கைப் பார்த்த லோயரிடம் கொடுத்துவிட்டார். "ஒரு கிழமை பொறு பிள்ளை, திருப்பித் தந்திடுவார்."

அந்த ஒரு வாரத்துக்குள் யூகோ போய்விட்டாள். அவளுடைய தகப்பனைக் கம்பனி ஜப்பானுக்குத் திரும்ப அழைத்திருந்தது. ஆசிரியை அதை வகுப்பில் சொல்லியிருக்க வேண்டும், ஆனால் சொன்னது ஆங்கிலத்தில். கடைசி நாளில் யூகோ எனக்குத் தலைகுனிந்தாள். அவள் தினமும் குனிகிறவள். நானும் வழக்கம்போலக் குனிந்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அடுத்த நாள் சன்னலோர மேசையில் நான் மட்டும் இருந்தேன்.

லோயர் தமிழ்நாட்டுக்காரர், நல்ல மனிதர். சேவல் புத்தகத்தை இரண்டு கைகளாலும் திருப்பித் தந்தார். "சார், பக்திக்கெல்லாம் விசா குடுக்க மாட்டாங்க. நீங்க சாமி கும்பிடலன்னு யாரும் சொல்லலையே. பாப்பாகிட்டயே குடுத்துடுங்க, அழகா இருக்கு."

"ஓம் சேர்" என்று அப்பா சிரித்தார். படியிறங்கும்போது அவர் முகத்தில் பெரிய ஏமாற்றம் எதுவும் தெரியாதது எனக்கு வியப்பாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, விடிந்தும் விடியாமலும், சம்பல் மணத்தில் விழித்தேன். அப்பா சப்பாத்துப் போட்டுக்கொண்டு கட்டில் விளிம்பில் இருந்தார்.

"எழும்பு பிள்ளை. ஈஸ்ற் ஹாமிலை புதுசா ஒரு அம்மன் கோயில் துவங்கியிருக்கினமாம்."

"புத்தகம் நிறைஞ்சிட்டுது அப்பா."

"மற்றப் பக்கம் வெறுமையாத்தானே கிடக்கு. விசிறி மடிப்பெல்லோ, பின்னாலையும் குத்தலாம்."

"லோயர் தேவையில்லையெண்டிட்டாரே."

"அவர் கிடக்கிறார். வெளிக்கிடு."

நான் யோசித்தேன். காட்டுவதற்கு ஆளில்லாத புத்தகம், வழக்குக்கும் உதவாத புத்தகம். வாரம் முழுக்க நின்றபடி வேலை செய்கிற மனிதர், என் ஆசைக்காகத்தானே இந்தக் குளிரில் இன்னும் அலையப் பார்க்கிறார். எனக்கு அப்பாமீது மிகுந்த இரக்கம் வந்தது.

"நான் வரேல்லை அப்பா. நீங்கள் நித்திரை கொள்ளுங்கோ."

 அவர் குனிந்து ஒரு சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தார். மற்றதையும் அவிழ்த்தார். ஈயத்தாளைப் பிரித்து எனக்கு ஒரு பாணைத் தந்துவிட்டு, கம்பளி ஜம்பரையும் கழற்றாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வழக்கமான குறட்டை வரவில்லை. அவ்வளவு ஆழ்ந்த நித்திரையாக்கும் என்று எண்ணி, அவர் எழும்பிவிடாதபடி பாணை மெல்ல மெல்லக் கடித்தேன்.