மெத்தைக் கடையின் சந்தாதாரர்கள்

என் சித்திக்கு ஒரு நாற்காலி வேண்டியிருந்தது. மெத்தைக் கடையில் பில் போடும் இடத்து நாற்காலி. கடை முழுக்கக் கட்டிலும் மெத்தையும்தான். ஆனால் வேலைக்காரர்கள் அவற்றில் உட்காரக் கூடாது. நின்று நின்று அவள் கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகச் சுருண்டுவிட்டன. டாக்டர் மருந்துகூட எழுதவில்லை. "நிக்காதீங்கம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

பில் போடுகிற பெண் பிரசவத்துக்குப் போகவிருந்தாள். அந்த இடம் வேண்டுமென்றால் சித்தி ஒரு வேலை செய்து காட்ட வேண்டும் என்றார் சின்ன முதலாளி. கடை இருந்த வணிக வளாகத்துக்கு வருகிறவர்களிடம் மின்னஞ்சல் முகவரி வாங்க வேண்டும். கடை அவர்களுக்கு வாராவாரம் கடிதம் அனுப்பும். "போர்டைப் பாத்துட்டு மறந்துருவாங்கக்கா. மெயில்னா கூடவே வீட்டுக்குப் போகும்" என்றார்.

நகரும் படிக்கட்டின் அடியில் மேசை போட்டார்கள். நாற்காலி போடவில்லை. உட்கார்ந்தால் ஆள் தெரியாதாம். அட்டையில் முகவரி எழுதிப் பெட்டியில் போட்டால் குலுக்கலில் தலையணை. எதிரே கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிகளைத் துடைத்துக்கொண்டே நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

சித்தி வாயாடி. "முகவரி குடுத்தா வீடு தேடி வந்துருவீங்களாம்மா?" என்று ஒருவர் கேட்டால், "வந்தா நீங்க காபி போடணுமே சார். அதான் மெயிலோட நின்னுக்கறோம்" என்பாள். அவர் சிரிப்பார். எழுதாமல் போவார். பை சுமந்து வருகிறவர்களுக்குக் கை ஒழியவில்லை. கைபேசியில் பேசியபடி வந்தவர்கள் அவளை ஒரு தூணைச் சுற்றுவதுபோல் சுற்றிப் போனார்கள்.

நின்று பேசியவர்கள் வேறு. வெயிலுக்கு ஒதுங்கிய ஓய்வுபெற்ற பெரியவர்கள், முதலாளியம்மா துணி எடுத்து முடிக்கும்வரை காத்திருக்கும் கார் ஓட்டுநர்கள், ஷிப்ட் முடிந்த காவலாளிகள். அவர்களிடம் நேரம் இருந்தது. தலையணை மேல் ஆசையும் இருந்தது. மின்னஞ்சல்தான் இல்லை.

"இல்லன்னா என்னண்ணே, உண்டாக்கிட்டாப் போச்சு" என்றாள் சித்தி. பட்டன் போனுக்கு வந்த சரிபார்ப்பு எண்ணை அவர்கள் தட்டுத்தடுமாறிப் படித்துச் சொல்ல, தன் கைபேசியில் ஒவ்வொருவருக்கும் ஒரு முகவரி தொடங்கினாள். முகவரியையும் கடவுச்சொல்லையும் சீட்டில் எழுதியும் கொடுத்தாள். அவர்கள் அதைச் சட்டைப்பையில் வைத்தார்கள். சட்டை சலவைக்குப் போயிற்று.

முகவரிகள் பெருகின. கடிதங்களும் போயின. யாரும் திறக்கவில்லை.

"யாரு திறந்தாங்கன்னு கம்ப்யூட்டர் காட்டிரும்க்கா" என்று சின்ன முதலாளி திரையைத் திருப்பினார். "பாருங்க, எழவு வீடு மாதிரி இருக்கு."

அன்று பேருந்தில் எங்களுக்கு உட்கார இடம் கிடைக்கவில்லை. சித்தி கம்பியில் சாய்ந்து நின்றபடி, ஒருவர் முகவரிக்குள் நுழைந்து, கடிதத்தைத் திறந்து, வெளியே வந்து, அடுத்தவர் முகவரிக்குள் நுழைந்தாள். எல்லாக் கடிதத்திலும் அதே நீல மெத்தை, அதே சிரிக்கும் குடும்பம்.

"எதுக்கு சித்தி இது?"

"சும்மா இருடா. எழுதுனா யாராவது ஒருத்தர் படிக்கணும்ல?"

திரைக்கு உயிர் வந்தது. "கலக்கிட்டீங்கக்கா, அந்த சேர் உங்களுக்குத்தான்" என்று சின்ன முதலாளி மேசைக்கே வந்து சொன்னார். அந்த உற்சாகத்தில், வரும் சனிக்கிழமை தள்ளுபடி என்று அறிவித்தார். கடிதத்தில் மட்டும்; வேறெங்கும் விளம்பரம் கிடையாது. வேண்டாம் என்று சொல்லச் சித்தியிடம் ஒரு காரணம் இருந்தது. அதைத்தான் சொல்ல முடியாது. எதிர்ப்பட்ட தன் ஆட்களிடமெல்லாம் வாயாலேயே சொல்லிவைத்தாள்: "சனிக்கிழமை வந்துருங்கண்ணே, கட்டாயம்."

வந்தார்கள். அதுதான் கொடுமை. ஓட்டுநர்கள் படிய வாரிய தலையோடு வந்தார்கள். பெரியவர்கள் மெத்தையில் மெதுவாகப் படுத்து, விலையைக் கேட்டு, இன்னும் மெதுவாக எழுந்தார்கள். காவலாளி ஒருவர் தூங்கியே போனார். குறட்டைச் சத்தம் கேட்டுப் பெரிய முதலாளி உள்ளறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

சின்ன முதலாளி ஓர் ஓட்டுநரிடம் கேட்டார்: "எங்க மெயிலெல்லாம் படிக்கிறீங்களாண்ணே?"

"அதெல்லாம் தங்கச்சியே பாத்துக்கும் சார்" என்றார் அவர், பெருமையாக.

வேறு யாரும் அன்று வரவில்லை.

திட்டியிருந்தால்கூடத் தேவலை. பில் போட வெளியிலிருந்து ஒரு பெண்ணை எடுத்தார்கள். சித்தி தொடங்கிய முகவரிகளை ஒவ்வொன்றாகக் கடைப் பட்டியலிலிருந்து நீக்கும் வேலையை அவளுக்கே கொடுத்தார்கள். அதே மேசையில், நின்றபடி. "முடிச்சிட்டுச் சொல்லுங்கக்கா, அப்புறம் பாக்கலாம்." பார்க்கப்போவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் அவசரப்படாமல் நீக்கினாள்.

ஒரு மதியம் அதே ஓட்டுநர் மேசைப் பக்கம் வந்தார்.

"தங்கச்சி, எனக்கு ஏதாவது வந்திருக்கான்னு பாரேன்."

இத்தனை நாளில் அப்படிக் கேட்ட முதல் ஆள். அவருடைய முகவரியைக் காலையில்தான் நீக்கியிருந்தாள். இருந்தும் கைபேசியை எடுத்து, தேடுவதுபோல் விரலை மேலும் கீழும் நகர்த்தினாள்.

"இன்னிக்கு ஒண்ணும் வரலண்ணே."

"சரி, நாளைக்குக் கேக்கறேன்" என்று அவர் படிக்கட்டில் ஏறி நின்றார். அது அவரை மேலே கொண்டுபோயிற்று. சித்தி உடம்பின் கனத்தை அடுத்த காலுக்கு மாற்றிக்கொண்டாள்.