கோட்டுப் பாக்கெட்டில் திருநீறு

பிளஸ் டூ படித்த வருஷம் எனக்குப் பரீட்சையைக் கண்டு இருந்த பயத்தைவிடக் கம்பெனி பஸ்ஸைக் கண்டு இருந்த பயம் பெரிது. ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் பெண்களை ஏற்றிப் போகும் அந்த பஸ், விடிவதற்கு முன்பே எங்கள் ஊர் கூட்டு ரோட்டில் வந்து நிற்கும். டிரைவர் ஹாரன் அடிக்க மாட்டார். லைட்டை அணைத்து அணைத்துப் போடுவார். அந்த வெளிச்சம் எங்கள் வீட்டுச் சுவரில் விழும்போது அக்கா தலையில் கிளிப்பைக் குத்திக்கொண்டே ஓடுவாள்.

அக்காவுக்குப் பிளஸ் டூவில் மார்க் வரவில்லை, அதனால் கம்பெனி. அவள் அதற்காக ஒரு நாளும் அழவில்லை. காலெல்லாம் வீங்கி வந்து, சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகத் தூங்கிவிடுவாள். அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். இவ்வளவு சீக்கிரம் ஒருத்திக்கு இதெல்லாம் பழகிவிடும் என்பதுதான் என்னைக் கலங்கடித்தது.

நைனா கெட்டவர் இல்லை. ஏரித் தண்ணீரை நம்பிப் பயிர் வைக்கிறவர். ஏரி நிரம்பினால் நெல், நிரம்பாவிட்டால் தரிசு. அதே கணக்கைத்தான் மகள்களுக்கும் வைத்திருந்தார். மார்க் வந்தால் காஞ்சிபுரத்தில் காலேஜ், வராவிட்டால் அக்காவோடு பஸ். இதை மோர் ஊற்றிப் பிசைந்துகொண்டே சாதாரணமாகச் சொன்னார். சத்தம் போட்டிருந்தாலாவது நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். முதலில் அவர் என்னை நேரே கம்பெனிக்கு அனுப்புவதாகத்தான் இருந்தார். அக்கா விஷயத்தில் வாயே திறக்காத அம்மா, எனக்காக ஒரு வாரம் அவரோடு பேசாமல் இருந்துதான் இந்த ஒரு வாய்ப்பை வாங்கிக் கொடுத்தாள்.

அதனால் படித்தேன். படித்தேன் என்பதைவிட உருப்போட்டேன் என்று சொல்வதுதான் சரி. புத்தகத்தில் இருக்கிறபடியே எழுதினால்தான் முழு மார்க் என்று எங்களுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் விடையைப் பார்த்து எழுதி, பிறகு பார்க்காமல் எழுதி, தப்பு வந்தால் முதல் வரியிலிருந்து மறுபடி எழுதுவேன். எத்தனை முறை எழுதினாலும் ஒரே மாதிரி வரும். எந்த வார்த்தையோடு ஒரு வரி முடிய வேண்டுமோ அந்த வார்த்தையோடுதான் முடியும். அதில் எனக்குப் பெரிய கர்வம். என்னோடு படித்தவர்கள் என்னை ஜெராக்ஸ் மெஷின் என்று கிண்டல் செய்வார்கள். உள்ளுக்குள் எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஒரே ஒரு சங்கடம். கணக்குகளை அப்படி உருப்போட முடியாது, எண்ணை மாற்றிக் கேட்டுவிடுவார்கள். ஆகவே வேதியியலில் வருகிற கணக்குகளை எல்லாம் சாய்ஸில் விட்டுவிட்டேன். எங்கள் பள்ளியில் பாதிப் பேர் அப்படித்தான். ஐந்து மார்க் கேள்வியில் இது அல்லது அது என்று இரண்டு கேட்பார்கள், தெரிந்ததை எழுதிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நம்பிக்கை.

எழுதிப் பார்த்த தாள்கள் வீடெங்கும் கிடக்கும். அம்மா அவற்றைக் குப்பையில் போடவோ மிதிக்கவோ விடமாட்டாள். எழுதிய தாள் சரஸ்வதி என்பாள். அழகாக அடுக்கி, அரிசி டப்பாவின் மேல் வைத்துவிடுவாள். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை.

வேதியியல் பரீட்சை அன்று காலையில் எனக்கு இட்லி இறங்கவில்லை. அம்மா முருகன் கோயிலுக்குப் போய்த் திரும்பி வந்து, என் நெற்றியில் திருநீறு பூசி, கோட்டைச் சரிசெய்து அனுப்பினாள். சரிசெய்தாள் என்றுதான் நினைத்தேன். எங்கள் யூனிஃபார்மில் சுடிதாருக்கு மேல் ஒரு கோட்டு உண்டு, அதில் இரண்டு பாக்கெட். வாசலில் டீச்சர் எங்கள் பவுச்சைத் திறந்து பார்த்தார், ஹால் டிக்கெட்டைப் பார்த்தார், செருப்பைக் கழற்றி வைக்கச் சொன்னார். பாக்கெட்டைப் பார்க்கவில்லை. எனக்கும் பார்க்கத் தோன்றவில்லை. என் பாக்கெட்டில் கைக்குட்டையைத் தவிர வேறென்ன இருக்கப் போகிறது?

ஒரு மார்க் கேள்விகள் முடிந்து, கை வியர்த்து, கைக்குட்டைக்காகப் பாக்கெட்டில் கை விட்டேன். ஒரு பொட்டலம் தட்டுப்பட்டது. என்னவென்று தெரியாமல் மடியில் வைத்துப் பிரித்தேன். உள்ளே திருநீறு. சுற்றியிருந்த தாளில் என் கையெழுத்து. ஆல்டால் குறுக்கம், அதன் வினைவழிமுறை, படிப்படியாக, அம்புக்குறிகளோடு. அம்மா சரஸ்வதியை எடுத்து முருகனுக்குப் பொட்டலம் கட்டிவிட்டாள்.

பிட் வைத்திருந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்கு மாதக்கணக்கில் பயம் காட்டியிருந்தார்கள். பேப்பர் கேன்சல், அடுத்த பரீட்சைகளும் எழுத முடியாது, பெயரைப் பெரிய ஆபீசுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம். இது பிட் இல்லை, பிரசாதம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? சொல்கிற எனக்கே சிரிப்பு வரும்.

பொட்டலத்தை மறுபடி பாக்கெட்டில் போட்டுவிடலாம். யாரும் பார்க்கவில்லை. ஆனால் பக்கத்து ஊர் சென்டரில் பறக்கும் படை வந்து கோட்டுப் பாக்கெட்டை எல்லாம் திருப்பிப் பார்த்ததாக முந்தின நாள்தான் பேச்சு. ஜன்னல் வழியாக வெளியே வீசலாம். ஜன்னல் தூரத்தில் இருந்தது. வாயில் போட்டு மென்றுவிடலாமா என்றுகூட யோசித்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது.

கடைசியில் எழுந்து நின்றேன். நேர்மைக்காக நின்றேன் என்று பெருமை பேச மாட்டேன். அதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க என்னால் முடியவில்லை, அவ்வளவுதான்.

ஹாலில் இருந்த சார் வேறு பள்ளிக்காரர், அதற்கு முன் நான் பார்த்ததே இல்லை. அடிஷனல் ஷீட் கேட்கிறேன் என்று நினைத்துத் தாளோடு வந்தார். நான் பொட்டலத்தை நீட்டினேன். "துன்னூறு சார், எங்கம்மா பாக்கெட்டுல வெச்சிட்டாங்க, எனக்குத் தெரியாது சார்" என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவர் பிரித்தார், படித்தார். பிறகு என் விடைத்தாளைப் பார்த்தார். பிறகு மறுபடி பொட்டலத் தாளை. கையெழுத்து ஒன்றுதான் என்று தெரிய ஒரு நொடி போதும்.

அந்த நேரம் பார்த்து மைதானத்தில் ஜீப் வந்து நின்றது.

சாரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அதுவரை என்னைக் குறித்து யோசித்தவர் இப்போது தன்னைக் குறித்து யோசித்தார். ஹாலில் பிட் பிடிபட்டால் சாருக்கும் தலைவலிதான். திருநீற்றைச் சட்டென்று தன் உள்ளங்கையில் தட்டி, ஜன்னல் ஓரம் போய் உதறினார். தாளை மடித்துத் தன் சட்டைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். "உக்காந்து எழுது" என்றார். மெல்லிய வெள்ளைச் சட்டை. உள்ளே என் நீல மை எழுத்து மங்கலாகத் தெரிந்தது. அது எனக்கு மட்டும் தெரிகிறதா, எல்லோருக்கும் தெரிகிறதா என்று புரியவில்லை.

பறக்கும் படை என்று வந்தது ஒரு அம்மா, கூட இன்னொருவர். அந்த அம்மா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்து என் டெஸ்க்கில் நின்றார். என் விடைத்தாள் மேலும் மடியிலும் திருநீறு சிந்தியிருந்தது.

"இது என்ன?" என்றார். சொன்னேன்.

"எதுல கொண்டு வந்த? மடிச்சு வந்த பேப்பர் எங்க?"

சார் பக்கம் திரும்பாமல் டெஸ்க்கையே பார்த்தேன். என்னை எழுப்பி, கோட்டின் இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்தார். கைக்குட்டையும் கொஞ்சம் சாம்பலும் விழுந்தன. சார் பின்னாலிருந்து, அதை முதலிலேயே வாங்கி வெளியே போட்டுவிட்டதாகச் சொன்னார். அவர் குரல் கணீரென்று இருந்தது. ஆனால் அவர் கை சட்டைப் பாக்கெட்டுக்கு மேல் போய் நின்றதை நான் பார்த்தேன். அந்த அம்மா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் நெற்றியைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அடுத்த டெஸ்க்குக்கு நகர்ந்துவிட்டார்.

ஜீப் போன பிறகும் என் பயம் போகவில்லை. கேள்வித்தாளைப் புரட்டினால் ஐந்து மார்க்கில் ஆல்டால் குறுக்கம் சிரித்துக்கொண்டு நின்றது. அல்லது என்று போட்டுக் கீழே மின்வேதியியலில் ஒரு கணக்கு.

ஆல்டால் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் வரும். அதுதான் ஆபத்து. நான் எழுதினால் சாரின் பாக்கெட்டில் இருக்கும் தாளில் உள்ளபடியே வரும், வரி முறிகிற இடம் உட்பட. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற யாரும் பார்த்து எழுதியது என்றுதான் சொல்வார்கள். வேறு மாதிரி மாற்றி எழுதலாமே என்று தோன்றும். எனக்கு வேறு மாதிரி எழுதத் தெரியாது. இரண்டு வருஷம் அதைத்தான் பழகியிருந்தேன். நான் நேர்மையாகப் படித்த படிப்பே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் நிலைமை.

கணக்கைத் தொட்டேன். சாய்ஸில் விட்ட பாடம். சூத்திரம் மட்டும் எங்கோ ஞாபகம் இருந்தது, ஏனென்றால் அதையும் உருப்போட்டிருந்தேன். எது எதற்கு நிற்கிறது என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக யோசித்தேன். கேள்வியில் கொடுத்திருந்த எண்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நடுவில் ஒரு இடத்தில் கூட்டலா கழித்தலா என்று சிக்கி, அடித்து, மறுபடி போட்டேன். விடை வந்தது. சரியா தப்பா என்று கேட்க ஆள் இல்லை. அழகில்லாமல், அடித்தல் திருத்தலோடு, என் வாழ்க்கையில் நானே எழுதிய முதல் விடை அதுதான். அந்த சந்தோஷத்தை அனுபவிக்கக்கூட எனக்கு நேரமில்லை, சாரின் பாக்கெட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேப்பர் வாங்கும்போது சார் என் முகத்தைப் பார்க்காமல், "சாமி நெத்தியில இருந்தா போதும்மா" என்றார். அந்தத் தாளை என்ன செய்தார் என்று இன்றுவரை தெரியாது. கிழித்திருப்பார். ஆனால் ரிசல்ட் வரும்வரை நான் அப்படி நம்பவில்லை. நைனாவின் போன் அடித்தால் கதவோரம் நின்று யார் பேசுகிறார்கள் என்று கேட்பேன். பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வருகிறார் என்று தெருவில் யார் சைக்கிளைப் பார்த்தாலும் தோன்றும். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. மீதிப் பரீட்சைகளுக்குப் போகும்போது பூசி மட்டும் விடு, கொடுத்து அனுப்பாதே, சார் திட்டுகிறார் என்று மட்டும் சொன்னேன். அம்மாவுக்கு வருத்தம்தான். ஆனாலும் கேட்டுக்கொண்டாள். நான் வீட்டை விட்டுக் கிளம்பித் தெருமுனை திரும்பியதும் பாக்கெட்டை வெளியே இழுத்துப் பார்ப்பேன்.

மார்க் வந்தது. வேதியியலில் மட்டும் கொஞ்சம் குறைவு. நைனா மொத்தத்தைக் கேட்டார், தலையாட்டினார், காஞ்சிபுரத்துக்கு எத்தனை மணி பஸ்ஸில் போக வேண்டியிருக்கும் என்று கேட்டார். அவருக்கு அவ்வளவுதான் கொண்டாட்டம். அம்மாதான் தெரு முழுக்கப் போய்ச் சொன்னாள். முருகன் துன்னூறு பொண்ணு கூடவே போச்சி, அதான் காப்பாத்திச்சி என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டு அத்தையின் மகளுக்கு ஒரு பாடம் போய்விட்டது. துணைத் தேர்வு எழுத வேண்டும். அதற்கு முந்தின நாள் மத்தியானம் அம்மா உட்கார்ந்து அவளுக்காகப் பொட்டலம் மடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். என் தாள்தான். அவளுக்குப் போன பாடமும் வேதியியல்தான்.

பாய்ந்து பிடுங்கினேன். திருநீறு தரையெல்லாம் கொட்டியது.

"இன்னாடி இது, சாமி துன்னூற போயி இப்டி" என்று அம்மா கையை ஓங்கினாள்.

ஓங்கிய கை இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பாக்கெட், சார், ஜீப், அந்த அம்மா கேட்ட கேள்வி, எல்லாம். மெதுவாகச் சொல்லியிருக்கலாம். எனக்கு அப்போது மெதுவாகச் சொல்ல வரவில்லை. இத்தனை நாள் பயந்த பயத்துக்கெல்லாம் சேர்த்துக் கோபமாகச் சொன்னேன்.

அம்மா ஐந்தாவது வரை படித்தவள். தரையில் கிடந்த தாளை எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கப் பார்த்தாள். அம்புக்குறிகளில் அவள் விரல் நின்றுவிட்டது.

"அழகா எழுதி கீறதா பாத்து எடுத்து வெச்சேன்" என்றாள்.

எனக்குக் கோபம் போய்விட்டது. அதற்குப் பதிலாக என்ன வந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

"புடிச்சிருந்தா இன்னா பண்ணியிருப்பாங்க?"

இந்தத் தடவை மெதுவாகத்தான் சொன்னேன். பரீட்சை போயிருக்கும், அந்த வருஷமே போயிருக்கும். அம்மா தாளை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். மார்க் வந்து, காலேஜில் இடம் கிடைத்து, எல்லாம் நல்லபடியாக முடிந்த பிறகு, அவளுக்கு அன்றைக்குத்தான் பரீட்சை பயம் வந்தது.

"உங்க நைனாவாண்ட சண்ட போட்டுக்கினு உன்ன படிக்க வெச்சிட்டு, அப்பால நானே உன்ன அந்த பஸ்ஸுல ஏத்தி வுட்டிருப்பேன் இல்ல?"

அந்த பஸ் என்று அம்மா சொன்னதும் நான் அடுத்த அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அக்கா ஷிஃப்டு முடிந்து வந்து அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று நாங்கள் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டோம்.