ஒரு கையால் காட்டிய ஆறு

அந்தப் பந்து ஆறு ஓட்டம் என்று ஊரில் இன்றைக்கும் சொல்வார்கள். பந்து போனதை நானும் பார்த்தேன். எல்லைக் கயிற்றைத் தாண்டி, வாவிக் கரைக் கண்ணா மரங்களின் தலைக்கு மேலாகப் பறந்து வாவிக்குள் விழுந்தது. ஆனாலும் என் ஸ்கோர் புத்தகத்தில் ‘பை, ஒன்று’ என்றுதான் எழுதினேன். அப்போது எனக்குப் பதினொரு வயது. இன்று மறுபடி அதே மேசையில் உட்கார வைத்தாலும் அதையேதான் எழுதுவேன்.

கிரிக்கெட் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. அம்பயர் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கினால் ஆறு. ஒரு கையை மட்டும் விரித்துத் தூக்கினால் பை, அதாவது பந்து மட்டையில் படாமலே ஓடி எடுத்த ஓட்டம். ஸ்கோர் எழுதுகிறவர் தன் கண்ணை நம்பக்கூடாது, அம்பயரின் கையைத்தான் நம்ப வேண்டும். இதை எனக்குச் சொன்னவர் மாமா, அம்மாவின் தம்பி. அன்றைக்கு ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நின்ற அம்பயரும் அவர்தான்.

மாமா வாழைச்சேனைத் துறைமுகத்தில் படகு எஞ்சின் திருத்துகிறவர். கல்யாணம் செய்யவில்லை, சாப்பாடு எங்கள் வீட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு அம்பயராகிவிடுவார். எங்கள் ஊர் விளையாடுகிற போட்டியிலும் எதிரணி அவரையே நிற்கச் சொல்லும். அவ்வளவு நம்பிக்கை. வேறு எதையும் அவர் பெருமையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்குத் திகதி போட்டு எழுதுகிற வியாதி அப்போதே பிடித்திருந்தது. ஸ்கோர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ‘அம்பயர் பற்றிய குறிப்புகள்’ என்று ஒரு பகுதி வைத்திருந்தேன். பின்னால் தகராறு வந்தால் உதவும் என்பது என் எண்ணம். அதில் உள்ளபடி சொல்கிறேன். மார்கழி மழை விட்ட முதல் ஞாயிறு, இடது கையால் தொப்பியைக் கழற்றப் போனவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு வலது கையால் கழற்றினார். தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு, வைட் என்று காட்ட இரண்டு கைகளையும் பக்கவாட்டில் விரிக்க வேண்டியவர் வலது கையை மட்டும் விரித்தார். பக்கவாட்டில் ஒரு கை என்றால் நோபோல், நானும் அப்படியே எழுதினேன். இரண்டுக்கும் ஒரே ஓட்டந்தான் என்பதால் அதில் சண்டை வரவில்லை. மகா சிவராத்திரிக்கு முந்திய ஞாயிறு, இரண்டு போட்டிகளிலும் ஒரு வைட்கூட இல்லை. பந்து வீசுகிறவர்கள் திருந்திவிட்டார்கள் என்று ஊரே மெச்சியது.

வீட்டில் அம்மா அவ்வளவு இலேசில் ஏமாறவில்லை. மாமா பெனியனை விட்டுவிட்டுப் பொத்தான் வைத்த சேர்ட்டுக்கு மாறியதையும், அதிலும் இடது கையை முதலில் நுழைத்து மெல்ல இழுத்துக்கொள்வதையும் கண்டுவிட்டா.

“தம்பி, அந்தக் கைய ஒருக்கா மேல தூக்கு பாப்பம்.”

“என்னத்துக்கு? நான் என்ன பஸ் மறிக்கவா போறன்?”

“பகிடி விடாத. ராவையில நீ புரண்டு புரண்டு அனுங்குறது எனக்குக் கேக்குது. டொக்டரிட்டக் காட்டு.”

“சுளுக்கு அக்கா. எஞ்சின் தூக்கின சுளுக்கு. சுளுக்குக்கெல்லாம் டொக்டரிட்டப் போனா ஹார்பர்ல ஒருத்தனும் வேலை செய்ய ஏலா.”

அவர் போனது எண்ணெய் போட்டு உருவுகிற ஒருவரிடம். அந்த மனிதர் மூன்றாம் நாள் ‘பூட்டுத் திறக்கிறேன்’ என்று சொல்லிக் கையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தார். மாமா போட்ட சத்தத்தில் வீதியால் போன மீன்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். அதன் பிறகு கை முன்னர் எழும்பிய அளவுக்குக்கூட எழும்பவில்லை. ஆனால் மாமா தந்திரம் படித்துக்கொண்டார். ஆறு காட்ட வேண்டி வந்தால் வலது கையை நன்றாக உயர்த்துவார். இடது தோளைக் காது வரைக்கும் தூக்கி, உடம்பை வலப்பக்கம் சரித்து, இடது கையும் மேலே போவதுபோல ஒரு தோற்றம் காட்டுவார். தூரத்திலிருந்து பார்த்தால் அது ஆறு மாதிரித்தான் இருக்கும்.

சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த ஞாயிறு, சுற்றுப்போட்டியின் இறுதியாட்டம். எங்கள் ஊரும் பக்கத்து ஓட்டமாவடியும். கடைசிப் பந்து. நாங்கள் வெல்ல நான்கு ஓட்டம் வேண்டும். பந்து வாவிக்குள் போனது. மட்டை பிடித்தவர்கள் பந்து போன திசையைப் பார்க்காமல் ஓடி ஒரு தரம் இடம் மாறியிருந்தார்கள். மாமா அன்றைக்குக் காலையிலிருந்து நின்று களைத்திருந்தார். தந்திரம் செய்யும் தெம்பு இருக்கவில்லைப் போலும். வலது கை மட்டும் உயர்ந்தது. இடது கை வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் பார்த்தேன். கண்டுகொண்டேன் என்பதற்கு அடையாளமாகக் கையை உயர்த்தினேன். எழுதினேன்.

எங்கள் ஊர்ப் பொடியன்கள் மட்டையாளரைத் தோளில் தூக்கி ஆடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டமாவடிக் கப்டன் மேசைக்கு வந்துவிட்டார். பேக்கரி வைத்திருக்கிறவர், எதற்கும் சிரித்துக்கொண்டே வருகிறவர்.

“புள்ள என்ன எழுதியிருக்கு?”

புத்தகத்தைத் திருப்பிக் காட்டினேன்.

“பை ஒண்டு! அப்ப ரெண்டு ஓட்டத்தால நாங்க வெண்டுட்டம்!”

“பந்து வாவிக்குள்ள கிடக்கு! கண் தெரியல்லையா?” என்று எங்கள் ஆட்கள் பாய்ந்து வந்தார்கள்.

“வாவிக்குள்ள கிடந்தா என்ன, கடலுக்குள்ள கிடந்தா என்ன? அம்பயர் காட்டினது ஒரு கை. எங்கட பதினொரு பேரும் பாத்தம். அம்பயர்ட மருமகளும் பாத்திரிக்கா.”

அதற்குப் பிறகு என்னை ஏசாதவர்கள் ஊரில் குறைவு. “பொம்பிளைப் பிள்ளைட்டப் புத்தகத்தக் குடுத்தா இப்பிடித்தான்” என்றார் ஒருவர். “ஊர வித்துப்போட்டாள்” என்றார் இன்னொருவர். நான் புத்தகத்தை மூடி அதன் மேலே முழங்கையை ஊன்றிக்கொண்டேன். பயமாக இருந்தது. ஆனால் மாற்றுகிற எண்ணம் மட்டும் வரவேயில்லை.

மாமா மெதுவாக நடந்து வந்தார்.

“மகள், அது சிக்ஸ். மாத்து.”

“நீங்க காட்டினது ஒரு கை மாமா.”

“நான்தான் இப்ப வாயால சொல்றனே.”

“வாயால சொன்னா எழுத ஏலா. ரெண்டு கையையும் காட்டுங்க, மாத்துறன்.”

கப்டன் இப்போது சிரிக்கவில்லை. “அண்ணன், உங்கள எங்கட அம்பயர் எண்டு நம்பித்தான் நிக்கச் சொன்னது. சொந்த ஊர் எண்டவுடன புத்தகத்த மாத்தச் சொல்றீங்களே” என்றார்.

மாமாவின் முகம் கறுத்தது. அத்தனை வருடத்தில் அவரைப் பார்த்து ஒருவர் அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. கை எழும்பாது என்று சொன்னால் அம்பயர் வேலை போகும். சொல்லாவிட்டால் நேர்மை போகும். அதை அந்த வயதில் நான் இப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை. நான் இரண்டு கைகளுக்காகக் காத்திருந்தேன், அவ்வளவுதான்.

அவர் நாலடி பின்னால் போய், எல்லோருக்கும் தெரியும்படி நின்று, தொப்பியைக் கழற்றிக் கீழே போட்டார். வலது கை மேலே போனது. இடது கை நெஞ்சு மட்டத்துக்கு வந்து நின்றது. தோள் காதைத் தொட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் உந்தினார். கை ஓர் அங்குலமும் ஏறவில்லை.

“எழும்பாது” என்றார். “மார்கழியில இருந்தே எழும்பாது. அது சிக்ஸ். எனக்குக் காட்ட ஏலா. அவ்வளவுதான். இனி என்ன செய்யிறதோ செய்யுங்க.”

கெஞ்சுகிற குரலே இல்லை அது. சண்டைக்குக் கூப்பிடுகிற குரல்.

கப்டன் என்னிடம், “எழுது புள்ள, சிக்ஸ்” என்றார். தன் அணிக்காரர் முணுமுணுத்ததை அவர் காதில் வாங்கவில்லை. மாமாவிடம் திரும்பினார். “எங்கட உம்மாவுக்கும் இப்பிடித்தான். தலைமுடி கட்ட ஏலாது, முதுகுக்குக் கை போகாது. ஒரு வருசம் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தா. நாளைக்கு எட்டு மணிக்கு ஓட்டோவோட வாறன். ஆஸ்பத்திரிக்கு வராட்டி அடுத்த போட்டிக்கு வேற அம்பயர்.”

“நான் இல்லாம நீங்க போட்டி நடத்திக் கிழிச்சீங்க” என்றார் மாமா. ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

‘பை, ஒன்று’ என்பதை நான் அழிக்கவில்லை. அதன் கீழே ‘அம்பயரின் வாக்குமூலப்படி ஆறு’ என்று எழுதி, அவரிடமே கையெழுத்து வாங்கினேன். போட்டுத் தந்தார். அன்று பொழுதுபடும் வரைக்கும் என்னோடு பேசவில்லை.

மறுநாள் பள்ளிக்கூட விடுமுறை. “இவன் டொக்டரிட்டயும் பொய்தான் சொல்லுவான், நீயும் போ” என்று அம்மா என்னையும் ஓட்டோவில் ஏற்றினா. நான் புத்தகத்தோடு போனேன். கப்டன் எங்களை வாசலில் இறக்கிவிட்டு, பேக்கரிப் போறணையில் பாண் கருகிவிடும் என்று ஓடிவிட்டார்.

டொக்டர் ஒரு பெண், கண்டிப்பான முகம். “எப்ப தொடங்கினது?” என்று கேட்டா.

“ஒரு ரெண்டு கிழமை இரிக்கும் மிஸ்” என்றார் மாமா.

நான் கடைசிப் பக்கத்தைத் திறந்து மார்கழியிலிருந்து வாசித்தேன். டொக்டர் பேனாவை வைத்துவிட்டுக் கடைசி வரி வரைக்கும் கேட்டா. “இவ்வளவும் எழுதி வெச்சிருந்து ஒருத்தரிட்டயும் சொல்லல்லையா?” என்று என்னைக் கேட்டா. எழுதுவதுதானே என் வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு டொக்டர் மாமாவின் இடது கையைத் தானே பிடித்து மேலே தூக்கிப் பார்த்தா. நெஞ்சு மட்டத்தில் நின்றுவிட்டது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, கையை வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தா. கொஞ்சம்கூடத் திரும்பவில்லை. மாமா கண்களை இறுக மூடிக்கொண்டார். டொக்டர் தன் இரண்டு விரல்களை நீட்டி அந்தக் கையால் நெரிக்கச் சொன்னா. நெரித்தார்.

“விழுந்தீங்களா? காய்ச்சல், தோள் வீக்கம்? நடக்கேக்க நெஞ்சு நோகுதா?”

எல்லாவற்றுக்கும் இல்லை என்றார். பிறகு, தான் கேட்க வந்த ஒரே கேள்வியை நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“மிஸ், இது பாரிசவாதந்தானே, ஒரு பக்கம் விழுறது?”

“ஆர் சொன்னது?” டொக்டர் சத்தமாகவே கேட்டா. “கையில பலம் அப்பிடியே இரிக்கு. என்ட விரல் நோகுது. பலம் போன கையெண்டா நான் தூக்க எழும்பும். இது நான் தூக்கினாலும் எழும்பல்ல. தோள் மூட்டைச் சுத்தி ஒரு உறை இரிக்கு, அது தடிச்சுச் சுருங்கிட்டு. ஃப்ரோசன் ஷோல்டர் எண்டு சொல்றது. முதல்ல நோவு, பிறகு இறுக்கம், பிறகு மெல்ல மெல்ல இளகும். வருசக்கணக்கிலயும் இழுக்கும். சீனி வருத்தம் உள்ள ஆக்களுக்குத்தான் இது கூடுதலா வாறது. இரத்தம் சோதிக்கணும், எக்ஸ்ரே படமும் எடுக்கணும். இனி ஒருத்தரிட்டயும் குடுத்துக் கைய இழுக்கப்படாது.”

நாங்கள் போகிற நேரத்தில் டொக்டர் இன்னும் ஏசினா. கை திடீரென்று சோர்ந்து வாயும் கோணினால், நெஞ்சு நோவோடு கை நொந்தால், விழுந்தபின் தூக்க முடியாவிட்டால், காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கினால் அந்த நிமிடமே வரவேண்டுமாம். இப்படி மெதுவாக இறுகுகிறது என்றாலும், தலை வாரவும் சட்டை போடவும் கஷ்டமாகி நித்திரையும் கெட்டால், இரண்டு மூன்று கிழமைக்கு மேல் காத்திருக்கக்கூடாதாம். நான் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன்.

மாமாவுக்குச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, இருப்பது பிறகு சோதனையில் தெரிந்தது. மாத்திரையும் பயிற்சியும் தொடங்கின. குசினிச் சுவரில் விரல்களால் எறும்பு மாதிரி ஏறி ஏறி, அதற்குப் பின் வந்த இரண்டாம் சித்திரைக்குத்தான் கை தலைக்கு மேலே வந்தது. அதுவரைக்கும் வீட்டில் இருந்தாரா என்றால் இல்லை. அடுத்த ஞாயிறே மைதானத்தின் நடுவில் நின்று, “எனக்கு இனிச் சிக்ஸுக்கு வலது கை மட்டுந்தான், பை எண்டா கத்துவன், விருப்பமில்லாத கழகம் வேற ஆளப் பாக்கலாம்” என்று அறிவித்தார். ஒரு கழகமும் வேறு ஆளைப் பார்க்கவில்லை.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது. பஸ் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்ததும் மாமா அழத் தொடங்கினார். வலது கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, விம்மி விம்மி. மாமா அழுது நான் அதற்கு முன் கண்டதில்லை.

அவருக்குப் பதினாலு வயதாக இருக்கும்போது, ஒரு காலையில் அவருடைய அப்பாவின் இடது கை விழுந்துவிட்டதாம். பத்தாம் நாள் ஆளும் இல்லை. தனக்கும் அதுதான் மெல்ல மெல்ல வருகிறது என்று முடிவு கட்டி, அது முழுதாக வந்து சேரும் வரைக்கும் மைதானத்தை விட்டு இறங்குவதில்லை என்று நின்றிருக்கிறார். இதை அம்மா எனக்குச் சொல்லும்போது நான் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்த டொக்டர் மாமாவின் கையைப் பிடித்து முறுக்கினா, அதனால் மாமா அழுகிறார். எழுந்து ஆஸ்பத்திரி வாசலை நோக்கி நடந்தேன்.

“எங்ககா போற?” என்றார் மாமா, அழுகைக்கு நடுவில்.

“அந்த மிஸ்ஸிட்டக் கேக்கப் போறன்.”

“என்னத்த?”

“ஏன் உங்களுக்கு இப்பிடிச் செஞ்ச எண்டு.”

அவர் அழுதுகொண்டே சிரித்தார். எழுந்து வந்து என் கையைப் பிடித்து, அப்போது வந்து நின்ற பஸ்ஸில் ஏற்றினார். அந்த டொக்டரை அதற்குப் பிறகு இரண்டு தடவைகள் வாழைச்சேனைச் சந்தையில் கண்டேன். இரண்டு தடவையும் என்னை அடையாளம் கண்டு சிரித்தா. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.