டவுன் பஸ்ஸில் பிராக் நகரத்து இரவு

இன்று காலை ஏழு மணி, வேடசந்தூர் டவுன் பஸ். பிராக் நகரத்துக்குச் சுற்றுலா போன நண்பன் வீடியோ காலில் வந்தான். அங்கே இன்னும் விடியவில்லை. பழைய கோட்டை விளக்கொளியில் மின்ன, தெருவெல்லாம் ஆட்டம்.

மில்லில் நைட் ஷிப்ட் முடித்து வந்த அக்கா ஒருவர் பக்கத்து சீட்டிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுப் பேரும் தூங்கலயா தம்பி?"

"இதுதான் நைட் லைஃப்க்கா. விடிய விடிய முழிச்சிருப்பாங்க."

"நாங்களுந்தான் முழிச்சிருந்தோம். எங்களுக்கு ஒருத்தரும் பாட்டுப் போடலயே!"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் தன் போனில் ஒரு குத்துப்பாட்டைப் போட்டார். பின்சீட்டு அக்காக்கள் கைதட்டி ஆட ஆரம்பித்தார்கள்.

போனுக்குள்ளிருந்து நண்பன் கத்தினான்: "ஏலே, நம்மூர்லயும் கிளப் வந்துருச்சா? உள்ள போக எம்புட்டுடா?"

அக்காவே பதில் சொன்னார்: "பொம்பளையாளுகளுக்கு ஃப்ரீ தம்பி!"

டிக்கெட் எடுத்துக்கொண்டு ஆடாமல் உட்கார்ந்திருந்தவன் நான் ஒருவன்தான். நாளைக்கு யாரெல்லாம் வருகிறீர்கள்?