வெள்ளாங்குளத்துக்கு முதலில் போனவன்

மன்னாரிலிருந்து வெள்ளாங்குளத்துக்குச் சைக்கிளில் போன முதல் ஆள் நான்தான் என்று ஊர் சொல்லவேண்டும். இந்தப் பயணத்துக்கு வேறு காரணம் கிடையாது. கந்தோரில் துரை லீவு தந்ததும், கச்சான் காற்றுத் தொடங்குமுன் போய்விடலாம் என்று நாள் குறித்தேன். அதைப் புடவைக்கடை ஹனீபாவிடம் சொன்னதுதான் பிழை. "நானும் வாறன், மச்சான்" என்றவன், விடிய நான் போய்க் கதவைத் தட்டும்போது புறப்பட்டுப் போயிருந்தான். அவனுடையது புதுச் சைக்கிள். என்னுடையது மூன்று கை மாறி வந்தது. வயிறு எரிந்தது.

பாலம் கடந்து வங்காலைக்கு எட்டு மைல் இருக்கும். கோயிலடியில் மீன் விற்கும் பெண் ஒருத்தி என்னை மறித்தாள்.

"கண்ணாடி போட்ட ஐயா நீங்கள்தானே? சாப்பிட்டுப் போங்கோ. முன்னால போன தம்பி சொல்லிப்போட்டுப் போனவர். நல்ல பிள்ளை."

பாரைக் குழம்பு அருமை. 'நல்ல பிள்ளை' மட்டும் தொண்டையில் இறங்கவில்லை.

மலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கண்டிக்குப் போகலாம். இங்கே கட்டுக்கரைக் குளக்கட்டுதான் மலை. அதில் ஏறி இறங்கினால் வயல்களுக்கு நடுவே ஆளரவமில்லாத ஒழுங்கைகள், மருத மர நிழல். அதையெல்லாம் நான் எங்கே பார்த்தேன்? மணலில் பதிந்திருந்த அவன் சில்லுத் தடத்தைத்தான் பார்த்துக்கொண்டு மிதித்தேன். வயல்காரர் ஒருவர் தயிர்ச் சட்டியை நீட்டினார்.

"உங்களுக்கெண்டுதான் வைச்சது. சுணங்கித்தான் வருவார் எண்டும் அவர் சொன்னவர்."

தயிரைக் குடித்தேன். கோபம் ஆறவில்லை.

பொழுது சாயும் நேரம், வெள்ளாங்குளத்துக்கு அரை மைல் இருக்க, பாலை மரத்தின் கீழே சைக்கிளைச் சாத்திவிட்டு நின்றான் ஹனீபா. ஊருக்குள் போகாமல் களைத்துப்போய் நிற்கிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம், ஒரே புளுகம்.

"மச்சான், நில்லு" என்று கைகாட்டினான்.

நான் நிற்கவில்லை. எழுந்து நின்று மிதித்தேன். அவன் பின்னால் வரும் சத்தம் கேட்கக் கேட்க இன்னும் மிதித்து, ஊருக்குள் முதலில் நுழைந்தேன்.

தேத்தண்ணிக் கடைக்காரர் வாசலில் கதிரை போட்டு வைத்திருந்தார்.

"வாங்கோ, இருங்கோ. உங்கட சிநேகிதர் மத்தியானமே வந்திட்டார். உங்களைக் கூட்டிவாறன் எண்டு திரும்பப் போனவர். வழியில காணேல்லையோ?"

இந்தப் பாதையில் போக விரும்புகிறவர்கள் தண்ணீரும் ஒட்டுப்போடும் சாமானும் எடுத்துப் போங்கள். மாரியில் போகவேண்டாம். ஹனீபாவோடு போகவே வேண்டாம். போகத்தான் வேண்டுமென்றால் அவனுக்குப் பின்னால் போங்கள். வழியெல்லாம் சாப்பாடு இருக்கும்.